லாரி ரேடியோவில் ஹைதமின் குரல்

அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் விளையாட்டு இருக்கும் இடத்தில் தேடுவார்கள், அங்கே இருக்காது. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் விளையாட்டின் பெயரிலேயே இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் கான்ஃபிக் என்று ஒரு சின்ன ஃபைல். நோட்பேடில் திறந்தால் வரிவரியாக ஓடும். வெளியாட்கள் செய்த சேர்க்கைகளை, பையன்கள் மாட் என்பார்கள், ஏற்கலாமா கூடாதா என்பதற்கு ஒரு வரி உண்டு. அதில் பூஜ்யம் இருக்கும். ஒன்று என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். மூடும்போது விளையாட்டு தானாகவே பழையபடி எழுதிவிடும் என்பதால் ஃபைலைப் பூட்டியும் வைக்க வேண்டும். மப்ரூக்கா பெரியம்மா வீட்டில் நான் செய்தது இவ்வளவுதான் என்று அவர் மகள் நெஜ்லாவிடமும் முதலில் சொன்னேன்.

ஜர்ஸிஸ் துறைமுகச் சாலையில் என் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். பையன்கள் விளையாட வருவார்கள். நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பேன். எதிரே இருக்கும் கடற்காவல் சாவடியின் பிரிண்டரும் என்னிடம்தான் வரும்.

பெரியம்மாவின் மகன் ஹைதம் பள்ளி நாட்களிலிருந்தே கடைக்கு வந்தவன். அவனுக்கு லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றுதான். தன் லாரிக்கு நீல நிறம் அடித்து, கண்ணாடிக்கு மேல் அம்மாவின் பெயரை எழுதி வைத்திருந்தான். பையன்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் திட்டியபடி ஓட்டுவதை நான் பதிவு செய்வது வழக்கம். அப்படித்தான் அவன் குரல் என்னிடம் இருந்தது.

இலையுதிர்காலத்தில் ஹைதமும் எங்கள் பேட்டைப் பையன்கள் சிலரும் கடற்காவலுக்குத் தெரியாமல் படகில் இத்தாலிக்குப் போனார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நானில்லை. ஹைதமின் போனில் கடல் வழியைப் போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். படகு போய்ச் சேரவில்லை. யாரும் திரும்பவுமில்லை. கொஞ்ச நாள் வரை ஊர் சனங்கள் கரையில் போய் நின்றார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது.

பெரியம்மா அழவில்லை. அவன் அறையில், அணைந்துகிடந்த கம்ப்யூட்டர் முன்னால், அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கப் போனபோது சொன்னார்:

"இதத் தொறந்து குடேன், லஸாத். அப்படி என்னத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தான்னு நானும் பாக்குறேன்."

திறந்து கொடுத்தேன். எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினேன். ஆலிவ் பறித்துக் காய்த்த விரல்கள். பழகச் சில நாள் ஆயிற்று. மெதுவாகத்தான் ஓட்டுவார். பின்னால் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும்.

"இவனுக்கு என்ன அவசரமாம்? பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சா?" என்பார்.

ஒரு நாள் கேட்டார்: "இந்த ரோட்டுல அவன் லாரி வராதா?"

பார்க்கிறேன் என்றேன். அன்றுதான் ஃபைலைத் திருத்தினேன். ஒரு மாட், சாலையில் போகும் லாரிகளோடு ஹைதமின் நீல லாரியையும் ஓடவிட்டது. இன்னொன்று, அது பக்கத்தில் வரும்போதெல்லாம் வண்டி ரேடியோவில் அவன் குரலைப் போட்டது. முதல்முறை அந்த லாரி வளைவில் திரும்பி வந்ததும் ரேடியோ கரகரத்தது.

"ஓரமாப் போடா கழுத. ஒனக்கெல்லாம் லைசன்ஸ கல்யாண வீட்டுல பந்தியிலயா குடுத்தாங்க?"

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாள் ரொட்டி சுட்டார். தலை வாரிக்கொண்டார். அண்டை வீட்டுப் பெண்கள் என்னை வழியில் நிறுத்தி, எனக்காக அல்லாஹ்விடம் துஆ செய்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் மீன் போட்ட குஸ்குஸ் எனக்கென்று எடுத்து வைப்பார். நான் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் போவேன்.

கடைப் பதிவுகள் அதிகம் இல்லை. சீக்கிரமே தீர்ந்துவிட்டன.

"சொன்னதையே சொல்றான், பாவம்" என்றார் ஒரு நாள். "புதுசா ஒண்ணும் பேச மாட்டானா?"

என் போனில் அவன் பேசியவை வேறு சில இருந்தன. அவற்றிலிருந்து தேவையான வாக்கியங்களை மட்டும் வெட்டினேன். இரைச்சலைக் குறைத்தேன், முழுக்கப் போகாது. எங்க இருக்க என்று ஒன்று. நாங்க இங்கயேதான் இருக்கோம் என்று ஒன்று. கொஞ்சம் சீக்கிரம் வா என்று ஒன்று.

பெரியம்மாவுக்கு இவைதான் மற்றதைவிடப் பிடித்திருந்தன. நீல லாரியைத் துரத்த ஆரம்பித்தார். திரைக்குள் போய்விடுகிறவர் போல் முன்னால் சாய்ந்து, "வர்றேன்டா, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார். கணினி ஓட்டும் லாரி யாருக்காகவும் நிற்காது. சாலை முடிகிற இடத்தில் மறைந்துவிடும். மறுநாள் மறுபடி துரத்துவார். பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. குரல் சரியான இடத்தில் வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

பெருநாளுக்கு நெஜ்லா ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து வந்தாள். அம்மா தேறியிருப்பதைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தானும் கேட்க வேண்டும் என்று ஹெட்போனை மாட்டினாள். கொஞ்ச நேரம் ஓட்டினாள். கழற்றினாள்.

"இது எப்பப் பேசினது?"

"பழசு. கடையில பேசினது."

"கடைக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு?"

"என்ன தண்ணி?"

"பின்னாடி பலகையில தண்ணி மோதுது. சாகப்போறவங்க மாதிரி யாரோ கலிமா சொல்றாங்க. நீயே கேளு." ஹெட்போனை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. "லஸாத், எந்தம்பி யாரக் கூப்பிடுறான்?"

அதற்கு மேல் மறைப்பதில் பொருளில்லை. என்னைத்தான் கூப்பிட்டான் என்று சொன்னேன்.

அவர்கள் போன அன்று காலையிலேயே மோட்டார் நின்றுவிட்டது. படகில் தண்ணீர் ஏறியது. கரையின் சிக்னல் எட்டியும் எட்டாத தூரம். போனில் கூப்பிட்டுப் பேச முடியவில்லை, அவன் பதிவு செய்து அனுப்பிய குரல் துணுக்குகள் மட்டும் எப்படியோ என் போனுக்கு வந்து சேர்ந்தன. பயந்துவிடுவாள் என்று அம்மாவுக்கு அவன் அனுப்பவில்லை. எதிர் சாவடியில் போய்ச் சொல்லு, கொஞ்சம் சீக்கிரம் வா என்பதுதான் விஷயம். அப்போது நான் யாரோ தேநீர் கொட்டிய கீபோர்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

யோசிக்காமல் இல்லை. படகைப் பிடித்தால் முதலில் போனைப் பார்ப்பார்கள். வழி போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். சாவடியில் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். ஹைதமுக்கும் அவமானம். கடலும் அன்று அமைதியாகத்தான் இருந்தது. மீன்பிடிப் படகு ஏதாவது கண்ணில் படாமலா போகும் என்று நினைத்தேன். வந்த ஒவ்வொன்றையும் கேட்டேன். இடையிடையே கீபோர்டை முடித்தேன். மதியத்துக்கு முன்னால் வருவது நின்றுவிட்டது. அப்புறம் சாவடியிலிருந்து ஓர் அதிகாரி சாலையைக் கடந்து வந்து, பிரிண்டரில் காகிதம் சிக்குகிறது என்றார். கூடவே போய்ச் சரிசெய்து கொடுத்தேன். தேநீர் கொடுத்தார், குடித்தேன். அதைக்கூட நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

நெஜ்லா என்னை அடித்தாள். உதட்டில் இருக்கும் காயம் அதுதான். உங்கள் ஆட்கள் யாரும் என்மேல் கை வைக்கவில்லை. பெரியம்மா அடிக்கவில்லை. வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"வெட்டினேன்னியே, மிச்சம் எங்க?" என்றார்.

"அழிச்சுட்டேன், பெரியம்மா."

"அதுவும் எம்புள்ள பேசினதுதான. எதுக்கு அழிச்ச?"

காரணத்தை அவரிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்வதில் தடையில்லை. கடைசியாக வந்ததை மட்டும்தான் முழுதாக அழித்தேன். "லஸாத், அனுப்பினதுக்கெல்லாம் ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு. நீ கேட்டுக்கிட்டுதான் இருக்கன்னு தெரியுது. எதாச்சும் பேசேன்" என்று அதில் சொல்லியிருந்தான். பெற்றவள் காதில் அதெல்லாம் விழக்கூடாது. அந்த அளவு இரக்கம் எனக்கு எப்போதும் உண்டு.