மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு

போன வாரம் கீழவைப்பார் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள்.

“நேத்து என்னைக் கொன்னுட்டியேலே” என்றான் ஒருவன்.

செத்தவன் நன்றாகத்தான் இருந்தான். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடும் கதை விளையாட்டாம். கதையை நடத்துபவன் மற்றவன்.

“நானா கொன்னேன்? முத்துக் குளிக்கப் போறவன் கயித்தை மச்சான்கிட்டதான் கொடுப்பான். தங்கச்சி தாலிக்காவது அவன் இழுத்துருவான். நீ சொத்துல பங்குள்ள ஒரே தம்பிகிட்ட கொடுத்த. இழுக்கானான்னு பகடையைப் போட்டோம், இழுக்கல.”

“சரி, செத்தது செத்தாச்சு. அடுத்த ஆட்டத்துல அந்தச் செத்தவனோட தம்பியா நான் வாரேன். அதே கத்தி, அதே படகு. அண்ணனைக் கொன்னவனைச் சும்மா விடமாட்டேன்.”

“ஏலே மூதி, அப்ப முதல்ல உன் கழுத்தைப் பிடி. கயித்தை விட்டதே நீதானலே!”