எர்த் இல்லாத வீடு

என் பெயர் லிங்கம். வயது இருபத்தாறு, உன் தம்பி. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், லலிதாம்பாள் மாமி வீட்டில் நான் குடியிருக்கும் பின்னறையில் உட்கார்ந்து பேசுகிறேன். இது புது நம்பர் அக்கா, அதனால்தான் பெயரை முதலில் சொல்கிறேன். பழைய நம்பரில் யார் கூப்பிட்டாலும் எடுக்கக் கை வருவதில்லை. நான் பேசப் பேச போன் அதுவாகவே எழுதிக்கொள்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வேறு எதையோ எழுதுகிறது. அதனால் பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். உன்னைக் கூப்பிட்டே சொல்லியிருக்கலாம். நீ நடுவில் கேள்வி கேட்பாய். கேட்டால் நான் நிறுத்திவிடுவேன்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. பிரேமாவும் பிள்ளையும் இங்கே வந்து இருக்கலாம். ஹரிகுமார் சார் சரி சொல்லிவிட்டார். பிள்ளை பிறந்ததிலிருந்து அவர்கள் உன் வீட்டில்தான் இருக்கிறார்கள். அத்தான் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை என்றாலும் எனக்குத் தெரியும். பிரேமா போனில் வேறு எதுவும் கேட்க மாட்டாள். "எப்ப வந்து கூட்டிட்டுப் போவீய?" என்று மட்டும் கேட்பாள். அதற்காகத்தான் எல்லாம் செய்தேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

ஹரி சார் மாமிக்கு ஒரே மகன். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பாதி நாள் வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்ப்பார். இந்த மழைக்காலத்துக்கு முன்னால் கரண்டில் ஓடும் கார் ஒன்று வாங்கினார். வண்டி நிற்பது முன்வாசலில். பெரிய பிளக் செருகும் பாயிண்ட் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அடுக்களையில், கிரைண்டருக்காகப் போட்டது. அங்கேயிருந்து வாசல்வரை எக்ஸ்டென்ஷன் இழுக்க வேண்டும். என்னைக் கேட்டார்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை என்பது உனக்குத் தெரியும். சாலை பஜாரில் ஒரு எலக்ட்ரிக் கடையில் கவுண்டரில் நின்று வயர் வெட்டிக் கொடுக்கிறவன். ஒருமுறை மாமியின் மிக்ஸிக்குப் பிளக் மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து அவர் தெருவில் எல்லோரிடமும் "நம்ம லிங்கம் எலக்ட்ரீஷியனாக்கும்" என்று சொல்லிவந்தார். நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது பொய்யில் சேராது என்றுதான் நினைத்தேன்.

அந்த எக்ஸ்டென்ஷனை நன்றாகவே செய்தேன் அக்கா. சார் போனில் ஏதோ மெல்லிய வயர் பார்த்து வைத்திருந்தார். வேண்டாம் என்று தடுத்ததே நான்தான். கார் மணிக்கணக்காகக் கரண்ட் இழுக்கும், அந்த வயர் உருகிவிடும். கடையில் இருப்பதிலேயே தடிமனான செம்பு வயரை, நடுவில் ஒட்டுப் போடாமல், ஒரே துண்டாக வெட்டி வந்தேன். வயரைச் சுருட்டிப் போட்டபடி சார்ஜ் போடக்கூடாது, சூடாகும், முழுவதும் நீட்டித்தான் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். வாசல் முனையில் சார்ஜரைச் செருகும் பெட்டியைத் தரையில் வைக்காமல், மழை படாமல், சுவரில் ஆணியடித்து மாட்டினேன். யார் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் செருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. வீட்டில் எர்த் இல்லை. எங்கேயாவது கரண்ட் கசிந்தால், மனிதன் மேல் ஏறாமல் மண்ணுக்குள் இறங்கிப்போக ஒரு வழி வேண்டும், அதுதான் எர்த். சாருடைய தாத்தா காலத்து வயரிங்கில் அது கிடையாது. இந்தக் கார்கள் அதைக் கண்டுபிடித்துவிடும். எர்த் இல்லையென்றால் சார்ஜ் ஏறாது.

சாரிடம் சொன்னேன். "உன்னால முடியுமா லிங்கம்? இல்லேன்னா இப்பவே சொல்லு, கார் கம்பெனி ஆளை விளிச்சு வரச் சொல்லிக்கறேன்" என்றார்.

அதற்கு முந்தின நாள்தான் மாமியிடம் பிரேமாவைக் கூட்டி வருவது பற்றிக் கேட்டிருந்தேன். கைக்குழந்தை அழுதால் தன் தூக்கம் போகும், பி.பி. ஏறும் என்று இழுத்தார். பிறகு, "ஹரியோட வண்டி வேலை முடியட்டும், பாப்போம்" என்றார். கம்பெனி ஆள் வந்தால் மீட்டர் போர்டைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், உனக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பான். அதோடு அந்த அறையும் போகும். முடியும் சார் என்றேன்.

கிணற்றுப் பக்கம் குழி தோண்டினேன். கொஞ்சம் தோண்டியதுமே பாறை. கடப்பாரை துள்ளியது. குழாய் இறங்கவே இல்லை. குழாயில் ஒரு துண்டை மட்டும் வெட்டி நட்டு, சுற்றிலும் உப்பும் கரியும் போட்டு, மேலே சிமெண்ட் பூசி மூடினேன். பார்க்க எர்த் குழி மாதிரியே இருந்தது. மாமி வந்து பார்த்து, "சமாதி கட்டினாப்ல இருக்கேடா" என்று சிரித்தார்.

கடைக் கவுண்டரில் நின்றால் எல்லாம் காதில் விழும். எர்த் இல்லாத வீடுகளில் சிலர் பெட்டிக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுவார்கள், சார்ஜர் ஏமாந்து பச்சை காட்டும் என்று ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூட இருந்த பினு என்ற எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. "அது ஆளைக் கொல்லும்டே" என்றார். வந்த கரண்ட் திரும்பிப் போகிற கம்பிதான் நியூட்ரல். மீட்டர் பக்கம் அது விட்டுப்போனால் விளக்கு அணையும், ஃபேன் நிற்கும், கரண்ட் போய்விட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். போயிருக்காது. திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டுக் கம்பி வழியாக சார்ஜரின் எர்த் முனைக்குப் போய், காரின் தகரம் முழுக்க ஏறி நிற்கும். அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. முதலாமவர் சொன்னதும் விழுந்தது. பெட்டியைத் திறந்து அந்தக் கம்பியைப் போடும்போது இரண்டுமே எனக்கு ஞாபகம் இருந்தன.

பச்சை எரிந்தது. சார் என் தோளில் தட்டினார். மாமி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "பிரேமாவை அழைச்சுண்டு வாடா. குழந்தை அழுதா நான் எடுத்து வச்சுக்கறேன்" என்றார். அன்று எனக்கு அழுகை வந்தது. அது நிஜம்.

சில வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கார் சார்ஜ் ஆகும் நேரத்தில் விளக்கு மினுங்க ஆரம்பித்தது. யாரும் இல்லாதபோது போர்டைத் திறந்து பார்த்தேன். நியூட்ரல் திருகு கறுத்து, தொட்டால் சுட்டது. பழைய திருகு, அவ்வளவு பாரம் தாங்கவில்லை. முடுக்கி வைத்தேன். மாற்ற வேண்டும் என்று தெரியும். மெயினை நிறுத்தினால் சார் ஏன் என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின.

அந்தச் சமயத்தில்தான் மாமி ஒருநாள் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"கார்ல கை வச்சா சுருக்குங்கறதுடா லிங்கம். கட்டெறும்பு கடிச்சாப்ல."

"புது வண்டின்னா அப்படித்தான் மாமி. செருப்புப் போட்டுக்கிடுங்க."

"வாசல் தெளிக்கறச்சே எவளாவது செருப்பு போட்டுப்பாளோ? போடா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அது எதனால் என்று எனக்கு அப்போதே தெரியும், பயந்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உங்களையெல்லாம் நினைத்துத்தான் அந்தப் பயத்தை அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்குக் காலையில் கடைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஃபேன் நின்றது. தெருவில் அடுத்த வீட்டு ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. கார் சார்ஜில் இருந்தது.

கரண்ட் போனால் இந்தத் தெருவில் யாரும் முதலில் ஃபியூஸைப் பார்க்க மாட்டார்கள். வாசலுக்கு வந்து எதிர்வீட்டைத்தான் பார்ப்பார்கள். நமக்கு மட்டும் போனதா, ஊருக்கே போனதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாமிக்கு முழங்கால் வலி. கார் வந்ததிலிருந்து அதன் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் எட்டிப் பார்ப்பார். அப்போதுதான் வாசல் தெளித்து முடித்திருந்தார். தரை ஈரம்.

"கரண்ட் போயிடுத்து லிங்கம், எதிராத்துல இருக்கான்னு பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கூடத்தைத் தாண்டிப் போனார்.

சத்தம் போட்டிருக்கலாம். மாமி, வண்டியைத் தொடாதீங்க என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். மாடியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சார் மீட்டிங்கில் இருந்தார். ஏன் தொடக்கூடாது என்று கேட்பார். கேட்டால் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுக்களைக்குப் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதுதான் சரியென்று பட்டது. நடந்து போனேன். ஓடவில்லை. ஓடினால் மாமி திரும்பி என்னடா என்று கேட்பார். திரும்பியிருந்தால் காரில் கை வைத்திருக்க மாட்டார் என்பது பிறகுதான் தோன்றியது.

வாசலில் அவர் குரல் கேட்டது. "சரசம்மா, ஒங்காத்துல இருக்கோ?"

எதிர்வீட்டுக்குள்ளிருந்து சரசம்மா, "இருக்கே மாமி" என்றார்.

மாமி பதில் பேசவில்லை. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

வாசலுக்குப் போனபோது அவர் காருக்குப் பக்கத்தில் கிடந்தார். சரசம்மா இன்னும் வெளியே வரவில்லை. நான் பெட்டியைத் திறந்தேன். திருகு ஒன்று கீழே விழுந்தது, தேடி எடுத்தேன். அந்தத் துண்டுக் கம்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, மூடியைப் பழையபடி முடுக்கினேன். அதற்குப் பிறகு சாரைக் கூப்பிட்டேன். அதுவரை மாமியின் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. நான் டாக்டர் இல்லை அக்கா. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி என்றார்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர், வயதும் ஆகிவிட்டது, யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். எல்லோரும் கூடத்தில் அழுதுகொண்டிருந்தபோது நான் போர்டைத் திறந்து, விட்டுப்போயிருந்த நியூட்ரலை முறுக்கிச் சேர்த்தேன். விளக்குகள் எரிந்தன. யாரோ ஒரு அம்மாள், "மாமி போனதும் வெளிச்சம் வந்துடுத்து பாருங்கோ" என்று சொல்லி இன்னும் அழுதார்.

இத்தோடு விட்டிருந்தால் இதை நான் உனக்குச் சொல்லியே இருக்க மாட்டேன்.

அஸ்தி கரைக்கப் போக சார் காரைச் சார்ஜ் போட்டார். கம்பி இல்லாததால் சிவப்பு எரிந்தது. "இதென்ன லிங்கம், அன்னிக்கு வரைக்கும் ஒரு கொழப்பமும் இல்லையே?" என்று கேட்டார். அவர் கண் வீங்கியிருந்தது. பெட்டிக்குள் ஈரம் போயிருக்கும் சார், பார்க்கிறேன் என்றேன். அவர் உள்ளே போனதும் அதே கம்பியை எடுத்து அதே இடத்தில் போட்டேன். பச்சை எரிந்தது.

திரும்பி வந்து அவர்தான் பேச்செடுத்தார். "கடைசி நேரத்துல அம்மா பக்கத்துல இருந்தது நீ மட்டும்தான். பிரேமாவை அழைச்சுண்டு வந்துடு. வாசல் தெளிச்சு ஒரு கோலம் போட ஆள் இருந்தா போதும், எனக்கு வீடு வீடா இருக்கும்." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்திருப்பார்.

கம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுத்தால் சிவப்பு எரியும். சிவப்பு எரிந்தால் கம்பெனி ஆள் வருவான். ஆனால் இப்போது நான் கவனமாக இருக்கிறேன். தினமும் காலையில் போர்டைத் திறந்து அந்தத் திருகைத் தொட்டுப் பார்க்கிறேன். ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் எழுந்துவிடுகிறேன். மழை விட்டதும் வேறு இடத்தில் தோண்டி நல்ல எர்த் போடுவேன். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. நடந்தது நடந்துவிட்டது, இனி பயப்பட ஒன்றும் இல்லை.

பிரேமாவை நாகர்கோவில் வரை கொண்டுவந்து ரயில் ஏற்றிவிடு. இதில் மற்ற எதையும் அவளிடம் சொல்லாதே. ஒன்று மட்டும் சொல். எப்போதாவது கரண்ட் போனால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வாசலுக்கு வர வேண்டாம்.