மேல் பொத்தான்

உங்கள் சட்டையின் இடது தோள் கால் அங்குலம் தொங்குகிறது, ஐயா. தைத்தவன் அவசரக்காரன். தப்பாக நினைக்காதீர்கள், நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவனுக்கு, எதிரில் இருப்பவரின் முகத்துக்கு முன்னால் சட்டைதான் கண்ணில் படும். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் அண்ணன் கணக்கு வாத்தியார். ரிட்டயராகிப் பத்து வருடம் ஆகியும் மேல் பொத்தான் போடாமல் வாசலைத் தாண்ட மாட்டார். அண்ணி போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. மாடியில் குடியிருப்பு, கீழே என் கடை. காலையில் அவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேப்பரை உரக்க வாசிப்பார், நான் தைப்பேன். நடுவில் நிறுத்தி, "டேய், கேக்கிறியா, இல்ல மிஷினுக்கு வாசிக்கிறேனா?" என்பார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

போன வருடம் அவர் மகள் வந்து, "அப்பா, இனிமே எங்ககூட வந்து இருங்க. சித்தப்பா எப்படியும் சமாளிச்சுப்பார்" என்றாள். அவரும் தலையை ஆட்டினார். சமாளிக்க வேண்டியவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 

பயணத்துக்கென்று ஒரு சட்டை தைத்தேன். அவருடைய கழுத்தளவு பதினைந்தரை. அதற்கு நான் அளவு நோட்டைப் புரட்டியதே இல்லை. புதுப் பருத்தித் துணியை நனைத்து உலர்த்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஏதோ நினைப்பில் அப்படியே வெட்டிவிட்டேன். சத்தியமாக அது தவறுதான். முதல் சலவையிலேயே கழுத்து அரை அங்குலம் சுருங்கியது. அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றவர், யாரோ கூப்பிட்டதற்குத் தலையைத் திருப்பினார், அப்படியே சரிந்தார். ஒரு நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "யாருடா லைட்ட அணைச்சது?" என்று கேட்டார். அப்போது பட்டப்பகல்.

டாக்டர் ஒன்று விடாமல் பார்த்தார். வயதானவர்கள் திடீரென்று நினைவு தப்பி விழ எத்தனையோ காரணம் இருக்குமாம். சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கும், பிரஷர் மாத்திரையே கூடிப்போயிருக்கும், தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றியிருக்கும், சர்க்கரை குறையும், இதயத் துடிப்பு தாளம் தப்பும். கடைசியில் கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைத்து அழுத்தினார். திரையில் துடிப்பு சட்டென்று விழுந்தது. அண்ணன் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "கழுத்துல அழுத்தம் பட்டா இவருக்குத் துடிப்பு நின்னு நின்னு வருது. இறுக்கமான காலர் கூடாது, சட்டுனு தலையத் திருப்பக் கூடாது. அவர்கிட்ட சொல்லிடுங்க. சட்டையெல்லாம் எங்க தைக்கிறீங்க?"

"நான்தான் தைக்கிறேன்."

"அப்புறம் என்ன, கவலையே இல்ல" என்று சிரித்தார்.

அண்ணனிடம், "வயசுதான், வேற ஒண்ணுமில்ல" என்றேன். பயணம் தள்ளிப்போனது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். அந்த ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

தெம்பு வந்ததும் மறுபடி போகிற பேச்சை எடுத்தார். நான் இன்னொரு சட்டை தைத்தேன். இந்த முறை துணியை நனைத்தேன், உலர்த்தினேன், கழுத்தைப் பதினைந்துக்கு வெட்டினேன். "கழுத்தப் பிடிக்குதுடா" என்றார். "வயசானா கழுத்து தடிக்கும்ணா. போகப் போக இளகிடும்" என்றேன். தையல் விஷயத்தில் என் பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசியதில்லை. இரண்டு முறை விழுந்தார், இரண்டு முறை பயணம் நின்றது. இரண்டு முறையும் நானே தாங்கிப் பிடித்தேன், தலை தரையில் படவிட்டதில்லை. அதையும் எழுதுங்கள்.

கடைசியில் மகளே வண்டியோடு வந்துவிட்டாள். அவள் ஊரில் பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறாராம், எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பாராம். அவள் கீழே வண்டியில் காத்திருந்தாள். அண்ணன் அந்தப் பதினைந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். "வரேன்டா" என்று சொன்னதுகூடப் படியைப் பார்த்துத்தான். பதினாறு படி. நாலாவது படியில் அவர் கால் வைத்தபோது எனக்குப் புரிந்துவிட்டது, இனி அவர் இங்கே வரப்போவதில்லை.

நான் அவரைத் தொடவில்லை. தள்ளவில்லை. மேலே நின்றபடி, "அண்ணா" என்று கூப்பிட்டேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் திரும்புவார் என்று தெரியும், திரும்பினால் விழுவார் என்றும் தெரியும், அதனால்தான் கூப்பிட்டேன். அவரும் சட்டென்று திரும்பினார். கீழ்ப்படிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

ஆனால் ஒன்று, ஐயா. என்னை விட்டுப் போக உண்மையிலேயே மனசு இருந்தவர், ஒரு குரலுக்கு அப்படித் திரும்பியிருப்பாரா? நீங்களே சொல்லுங்கள்.