பார்க்காமலே எழுதிய முப்பது பாராட்டுகள்

தலைமையேற்றுத் தளராது வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே! ஆடும் நாற்காலியிலும் அசையாது அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடும் அவைக்கு வந்திருக்கும் அன்னையர்களே! கடைசி வரிசையில் கண்ணயர்ந்திருக்கும் என் சக ஆசிரியப் பெருமக்களே! வணக்கம்.

சிறந்த வழிகாட்டி ஆசிரியை என்று எனக்குக் கேடயம் கொடுத்தீர்கள். என்ன வழி காட்டினேன்? யாருக்குக் காட்டினேன்? சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பயிற்சி ஆசிரியை என் வகுப்புக்கு வந்தாள். முப்பது நாள் அவள் பாடம் நடத்த வேண்டும். நான் கடைசி பெஞ்சில் அமர்ந்து, அன்றன்று பார்த்ததை அவளுடைய நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நானோ கடமையே கண்ணானவள்! முப்பது நாளுக்கும் முதல் நாளே எழுதி முடித்துவிட்டேன். 'அருமை', 'மிக அருமை', 'அருமையிலும் அருமை'! சிரிக்காதீர்கள் ஐயா, நீங்களும் ஆசிரியர்தான் என்பது எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் தண்ணீர்க் குழாய் வெடித்துப் பள்ளிக்கே விடுமுறை. அந்த நாளுக்கும் நோட்டு முழங்கியது: 'மாணவர்கள் ஆர்வத்தோடு பங்கேற்றனர்.'

முப்பதாம் நாள் பயிற்சிக் கல்லூரி மேற்பார்வையாளர் வந்தார், நோட்டைப் புரட்டினார், அவளை முறைத்தார்.

"பூட்டுன ஸ்கூல்ல யாரும்மா பங்கேற்றது? டீச்சர் கையெழுத்த நீயே போட்டுக்கிட்டியா? உன் பயிற்சி ரத்து. அடுத்த வருஷம் வா."

ஒரு வருடம்! அவள் என்னைப் பார்த்தாள். நானோ சுவரில் தொங்கிய உலகப்படத்தில் கடல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்! சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"பரவால்ல டீச்சர், நான் வர்றேன்" என்று அவள் பையை மாட்டியபோதுதான் எனக்கு நாக்கு எழுந்தது.

"நான்தான் சார் எழுதினேன். பார்க்காமலே எழுதினேன்."

"அப்போ முப்பது நாளும் மறுபடி நடத்தட்டும். நீங்க உட்கார்ந்து பாருங்க" என்றார் அவர்.

பார்த்தேன். வருடம் முழுவதும் வாய் திறக்காத ஒரு சிறுமியிடம் அவள் கேள்வி கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான் காத்திருந்தேனா? இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் காத்திருந்தேனா? கேள்வியும் நானே, விடையும் நானே, 'புரிஞ்சுதா?' என்பதற்குத் தலையாட்டியதும் நானே! அந்தச் சிறுமி மெல்லப் பேசினாள். என் வகுப்பில் அந்தக் குரலை நான் அன்றுதான் கேட்டேன். அன்றைக்கு நோட்டில் நாலு வரி எழுத எனக்கு அரைமணி நேரம் ஆனது.

தாளாளர் அவர்களே! கேடயத்தோடு தந்த சான்றிதழைப் படித்தேன். 'இவ்விழாவில் இவர் ஆற்றிய உரை அவையைக் கண்கலங்க வைத்தது' என்று நேற்றே அச்சடித்திருக்கிறீர்கள். நான் இன்னும் பேசியே முடிக்கவில்லையே ஐயா!

கேடயத்தை இந்த மேசையிலேயே வைக்கிறேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சு காலியாக இருக்கிறது. வாருங்கள், அமருங்கள், பாருங்கள், பிறகு எழுதுங்கள்! பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், அன்று அந்த நோட்டோடு வந்து, இன்று மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கும் நம் புது டீச்சருக்கும் என் நன்றியும் வணக்கமும்.