பொம்மைக்கு மூக்கு கோணல்

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள் என்பது நகக்கண்களில் தெரிந்தது. இளையவள் மடியில் ஆஸ்பத்திரி மாத்திரைக் கவர்.

“அந்தக் குரலு இப்பல்லாம் வேலை நேரத்துல மட்டுந்தான் வருதுக்கா.”

“டாக்டருகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். என்னா சொல்லுதுன்னு கேட்டாரு. முன்ன மாதிரி சோத்துல விஷம் இருக்குதுன்னு சொல்றதில்ல, பொம்மைக்கு மூக்கு கோணலா இருக்குதுன்னுதான் சொல்லுதுன்னேன்.”

“அது நான் சொன்னதுடி.”

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“பின்னாலேர்ந்தா சொன்னீங்க?”

“பின்னாலதான என் எடம். ஒரு வாரமா சொல்றேன், நீ திரும்பியே பாக்கல.”

“குரலு கேட்டா கண்டுக்காம வேலையப் பாருன்னு டாக்டருதான் சொல்லியிருக்காரு.”

“அப்ப அந்தக் குரலு வரவே இல்லியா?”

“இல்லபோல இருக்குதுக்கா. மாத்திரைய நிறுத்திடலாமா?”

“நிறுத்துனா திரும்ப வந்துடும். ஒன்னத் திட்டறதுக்கு நான் ஒருத்தி போதும்.”

“அப்ப இனிமே தோளத் தொட்டுட்டுத் திட்டுங்க. நீங்கதான்னு தெரியும்.”

மங்கலம்பேட்டையில் இறங்க இருவரும் எழுந்தபோது, மூத்தவள் இளையவள் தோளில் கை வைத்தாள்.

“மூக்கு இன்னமும் கோணலுதான்டி.”