அங்கவடி வாரைத் தேர்ந்தெடுத்தது நான்தான்

அங்கவடி வாரை, அதாவது சவாரி செய்பவர் கால் வைக்கிற இரும்பு வளையத்தைச் சேணத்திலிருந்து தொங்கவிடும் தோல் பட்டையை, எப்போதும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்று மட்டும் போதும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஒரே தோலில் வெட்டிய இரண்டும்தான் ஒரே அளவாக இழுபடும். குதிரையில் இடப்பக்கமாக ஏறுவதுதான் வழக்கம், அதனால் இடது வாருக்குத்தான் பாரம் அதிகம். மாதம் ஒருமுறை இடதை வலத்துக்கும் வலதை இடத்துக்கும் மாற்றிப் போட வேண்டும். நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் என் அப்பா லியனார்ட் துரையின் குதிரைக்காரராக இருந்தார். வார், சேணம் எல்லாம் என் பொறுப்பு.

துரைசானிக்கு டிரெசாஜ் என்றால் உயிர். அது பாய்ச்சல் இல்லை, குதிரையைத் தாளம் தவறாமல் அடியெடுத்து வைக்கச் செய்கிற சவாரி. என்னையும் தங்கை றோசலினையும் ஆறு வருடம் பழக்கினார். 1974 ஏப்ரலில் நுவரெலியாவில் நடந்த போட்டிக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்றார். நன்றாகச் செய்தால் கொழும்பில் அவருடைய தோழியின் சவாரிப் பள்ளியில் வேலை. தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தை விட்டுப் போக எங்களுக்கு வேறு வழி கிடையாது.

“சிசிலி, ஒனக்கு கை ரொம்ப நல்லது. சேணம் தொடைக்க ஒன்னைப் போல ஆள் இல்லே,” என்றார் துரைசானி. “றோசலினுக்கு ஒக்காரத் தெரியும். றோசலின் போறது.”

அவர் சொன்னது சரிதான். நான் கோபப்படவில்லை. வாரைப் பார்க்கும்போது மட்டும் ஒரு சின்ன வருத்தம். பக்கிள் உட்காரும் இடத்தில் தோலில் ஒரு மடிப்பு விழும். என் மடிப்பு ஏழாம் ஓட்டையில் இருந்தது. றோசலினுக்குக் கால் நீளம். ஒன்பதாம் ஓட்டையில் அவளுடைய மடிப்பு விழத் தொடங்கியது. தினமும் எண்ணெய் தடவித் துடைத்தது நான்தான். என் மடிப்பு என் விரலுக்கடியிலேயே மறைந்து போனது.

ஜனவரியிலிருந்து வாரை மாற்றிப் போடவில்லை. மறதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியிலும் மறந்தேன், மார்ச்சிலும் மறந்தேன். அந்தப் பனிக்கு நூல் சீக்கிரம் இற்றுவிடும்.

போட்டிக்கு முதல் நாள் என்னிடம் இரண்டு ஜோடி இருந்தன. வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. ஒன்று ஹட்டனில் தைத்தது, புதிது, தடிப்பு. மற்றது அந்தப் பழைய இங்கிலீஷ் வார்.

“அக்கா, ஹட்டன் வார் வேணாம். தொடைக்கடியில கட்டையாட்டம் முட்டுது,” என்றாள் றோசலின். “ஒட்டகத்து மேல உக்காந்த மாதிரி இருப்பேன்.”

“அப்ப பழசையே போடறேன்.”

“நீ பாத்துப் போட்டா சரிதான். கொழும்புக்குப் போனதும் ஒன்னையும் கூப்புட்டுக்கிறேன். எஞ் சேணத்தத் தொடைக்க ஆளு வேணுமில்ல?” என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

அப்பா உள்ளே இருந்து கேட்டார்: “ஏ புள்ள, தையலப் பாத்தியா?”

“பாத்தேன்ப்பா.”

நான் பொய் சொல்லவில்லை. இடது வாரில் பக்கிளுக்கு அடியில் நான்கு தையல் விட்டிருந்தது. நன்றாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை சேணம் கட்டியதும் நான்தான். துரைசானி தன் வெள்ளைக் கையுறையைக் கழற்றி றோசலினுக்குப் போட்டுவிட்டார். எனக்கு ஒருநாளும் போட்டுவிட்டதில்லை.

மூன்றாவது சுற்றில் இடது வார் அறுந்தது. றோசலின் பாரம் முழுவதையும் வலது காலில் போட்டாள், அந்தப் பக்கமே சரிந்து விழுந்தாள். பாதம் அங்கவடியில் சிக்கிக்கொண்டது. மிரண்ட குதிரை அவளை வேலி வரைக்கும் இழுத்துப் போனது. பாதத்தை விடுவித்தபோது உயிர் இல்லை.

விழுந்தால் கை கால்தானே முறியும் என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முறிந்த கை ஆறு வாரத்தில் கூடிவிடும், மறுபடியும் அவளைத்தான் அனுப்புவார்கள். சேணத்தில் வார் மாட்டுகிற கம்பியின் நுனியில் ஒரு சின்ன இரும்பு நாக்கு உண்டு. அதைத் திறந்தே வைக்க வேண்டும். விழுகிறவரின் கால் சிக்கினாலும் வார் வழுக்கிக் கழன்று ஆளை விட்டுவிடும். மூடியிருந்தால் விடாது. அன்று காலை வலப்பக்க நாக்கை நான் மூடினேன். கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான்.

முதலில் ஓடிப்போனவர் அப்பா. மூடியிருந்த நாக்கைப் பார்த்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். துரைசானி வருவதற்குள் அதைத் திறந்துவிட்டார்.

“பழைய வாரப் போட்டது நாந்தாங்க, தொரசாணி. எந் தப்புங்க,” என்றார்.

அவர் வேலை போனது. கொழும்புக்கு நான் போனேன்.

அதன் பிறகு அப்பா பதினோரு வருடம் உயிரோடு இருந்தார். நான் லீவில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் கடைசி வரை தொடவில்லை. வயதானவர்களுக்கு அப்படி ஒரு பிடிவாதம் வந்துவிடும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று அத்தனை பேர் முன்னால் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு அவர் காப்பாற்றியது என்னைத்தானே. இரண்டு மகள்களில் அப்பாவுக்கு என் மேல்தான் பாசம் அதிகம்.