புற்றுக்குள்ளே என்ன இருக்கு?

"...பாம்பு புத்துல சொந்தமா இருக்கா, வாடகைக்கு இருக்கான்னு கேக்கான்க்கா ஒருத்தன். ஏழாங்கிளாஸ் பய. நான் என்னத்தச் சொல்ல?"

சங்கரன்கோவிலில் பஸ் ஏறினதிலிருந்து சங்கரேஸ்வரி வாய் ஓயவில்லை. பக்கத்து சீட்டில் காலி எலுமிச்சைச் சாக்குகளை மடியில் வைத்திருந்த அம்மாள் 'உம்' கூடக் கொட்டவில்லை. சங்கரேஸ்வரி அதை எதிர்பார்க்கவும் இல்லை. அறிவியல் அருங்காட்சியகத்தில் கண்காட்சி அமைப்பது அவள் வேலை. அடுத்தது ராக்கெட்தான் என்று மனசுக்குள் முடிவே கட்டியிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எதில் ஆசை என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று மேலதிகாரிதான் காரியத்தைக் கெடுத்தார்.

"கேட்டேன்க்கா. புத்து வேணுமாம். உள்ள அறுத்துக் காட்டணுமாம். ராணி எங்கன தூங்கும், மழை பேஞ்சா தண்ணி எறங்காதா, இருட்டுல கரையானுக்கு வழி எப்பிடித் தெரியும்... ஒரு பிள்ள வானத்த அண்ணாந்து பாக்க மாட்டேங்கு. பிளாஸ்டிக்குல செய்வோம்னா, ம்ஹூம், நெசப் புத்துதான் வேணுமாம். புத்து மண்ண நெத்தியில பூசுத ஊருக்கா இது! எவங்கிட்டப் போயிக் கேக்க?"

கேட்கத்தான் செய்தாள். கரிவலம் ஊரில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டே வாசல் வரை வந்து வழியனுப்பினாராம். கண்காட்சிக்கோ நாள் நெருங்குகிறது. இன்னும் ஒரு கைப்பிடி மண் கிடைத்தபாடில்லை. சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது.

"பிள்ளைகளயும் குத்தம் சொல்ல முடியாதுக்கா. தெனம் பாத்தும் வெளங்காதது எதுன்னு கேள்வி எழுதுனது நாந்தான். நட்சத்திரம்னு சொல்லுவாவன்னு நெனச்சேன்."

புளியங்குடிக்கு முந்தின நிறுத்தத்தில் அந்த அம்மாள் எழுந்தாள். தன் சாக்குகளோடு சங்கரேஸ்வரியின் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்தாள். சங்கரேஸ்வரி பதறிக் குதித்து வரப்பு வரப்பாகப் பின்னால் ஓடினாள்.

எலுமிச்சைத் தோட்டத்து மூலையில், மழையில் பாதி சரிந்த புற்று நின்றது. சரிந்த பக்கத்தில் அறை அறையாக, விரல் நுழையும் சந்து சந்தாக, நடுவே பஞ்சு போல, கரையான் தன் தீனிக்கு வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம். சங்கரேஸ்வரி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

"இத எடுத்துட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். எத்தன வருசமா வாய்க்கால மறிச்சிக்கிட்டு நிக்கி. எங்க வீட்டு ஆளு இடிச்சாப் பாவம்னு சொல்லுவாவ, இடிக்காட்டித் தண்ணி வரலம்பாவ. நான் சொன்னா காதுல போட்டாத்தான? இப்ப அதுவாச் சரிஞ்சிட்டு, அதுக்கும் எம்மேலதான் ஏச்சு. அதோட விட்டாவளா, போன பொங்கலுக்கு..."

சங்கரேஸ்வரி புற்றுக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்திருந்தாள்.

"ஏம்மா, கேக்கியளா?" என்றாள் அந்த அம்மாள்.